சுவருக்குள் இருந்த சாட்சி

ரொறன்ரோப் பக்கம் வீடு விற்கும்போது ‘பேஸ்மென்ட் முடித்தது, பெர்மிட்டோடு’ என்றால் விலை ஏறும். எந்த பெர்மிட் என்று யாரும் கேட்பதில்லை. என் கட்சிக்காரரும் கேட்கவில்லை.

ஸ்காபரோவில் வீடு வாங்கிய தம்பதி. கீழே ஹீற்றர் போட்டால் லைற் மங்கும். எலெக்ட்ரீசியன் வந்து ட்றைவோலை வெட்டினார். உள்ளே வயர் இணைப்புகள் பெட்டியே இல்லாமல், கறுப்பு ரேப் சுற்றித் தொங்கின. ஓரிடத்தில் ரேப் உருகி, பக்கத்து மரச்சட்டம் கருகியிருந்தது. ஒன்ராறியோ விதிப்படி இணைப்பு பெட்டிக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியையும் சுவருக்குள் புதைத்து மூட முடியாது. முடித்த அறையில் சுவரோரத்தின் எந்த இடமும் பிளக்கிலிருந்து 1.8 மீற்றருக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. அங்கே நீளச் சுவருக்கு ஒரே பிளக்.

“பெர்மிட் எடுத்துத்தான் தம்பி செய்தனான்” என்றார் விற்றவர். காட்டிய பெர்மிட் அசல்தான். ஆனால் நகரசபை கட்டட வேலைக்குக் கொடுத்தது. மின்வேலைக்கு மின் பாதுகாப்பு அதிகார சபைக்குத் தனியாக அறிவிக்க வேண்டும்; ட்றைவோல் அடிக்க முதல் அவர்களுடைய பரிசோதகர் பார்க்க வேண்டும். கூலிக்குச் செய்விப்பதென்றால் லைசென்ஸ் உள்ள ஒப்பந்தகாரர்தான் செய்யலாம். அந்த முகவரிக்குச் சபையின் பதிவுகளைத் தேடுவித்தேன். ஒன்றுமில்லை. வயறிங் செய்தவர், காசாகக் கொடுத்தால் வரியில்லை என்ற ரகம்.

வழக்குப் போடத் தம்பதி தயங்கினார்கள். இரு தரப்பும் திருவிழாவுக்குப் போவது ஒரே கோயில். இப்படி எங்கள் ஆட்களுக்குள் அமுங்கிப்போன வழக்குகள் ஏராளம். இவர்கள் கடைசியில் வழக்குப் போட்டார்கள்.

பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பது பழைய சட்டம். விற்றவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் சொத்து விவரப் படிவத்தில், மின்வேலைக்கும் அனுமதி உண்டு என்று அவரே கையெழுத்திட்டிருந்தார். அந்தப் படிவத்தை நிரப்புவது கட்டாயமில்லை. நிரப்பினால் உண்மையாக, முழுமையாக நிரப்ப வேண்டும் என்று சட்பரி வீடொன்று பற்றிய 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் அப்போது 35,000 டொலர் வரை கேட்கலாம். விசாரணைக்கே போகவில்லை. சமரசக் கூட்டத்தில் கருகிய மரத்தின் படத்தைப் பார்த்த துணை நீதிபதி, “மின் பரிசோதனைச் சான்றிதழ் எங்கே?” என்றார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தன் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். சுவரைத் திறந்து, புது வயர் இழுத்து, மூடிய செலவு முழுவதையும் விற்றவர் கட்டினார்.

வாங்கப்போகிறவர்கள் நகரசபை பெர்மிட்டோடு இந்தச் சான்றிதழையும் கேளுங்கள். அதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாகவே எழுதுவியுங்கள்.