அதே பேப்பர்

2011-ல் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி விடுதியில் நண்பனின் லேப்டாப்பில் ‘மாடர்ன் ஃபேமிலி’ என்கிற அமெரிக்கத் தொடர் ஓடியது. அதில் ஒருத்தர் பேப்பரை விரித்து வாசிக்கிறார். நண்பன் சட்டென்று நிறுத்தினான். “டேய், இந்தப் பேப்பரப் பாரு. ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ படத்துலயும் இதேதாண்டா.” நீண்ட கருங்கூந்தலோடு ஒரு பெண்ணின் படம். சுற்றிலும் அதே செய்திகள்.

கலிஃபோர்னியாவில் 1915-ல் தொடங்கிய எர்ல் ஹேஸ் பிரஸ் என்னும் அச்சகத்தின் வேலை அது. சினிமாவுக்கென்றே பொய்ப் பத்திரிகை அடிப்பவர்கள். நிஜப் பத்திரிகையைக் காட்டினால் அனுமதி வாங்க வேண்டும், பணம் கேட்பார்கள், வழக்கும் வரலாம். அதனால் எப்போதோ கோத்த பக்கத்தையே படத்துக்குப் படம் கொடுப்பது. கதைக்குத் தேவையென்றால் தலைப்பை மட்டும் புதிதாகப் போடுவது. கீழே இருப்பதை எவன் படிக்கப்போகிறான் என்பதுதான் கணக்கு.

நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நடிகரைப்போல நானும் ஒருநாள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நடித்தவன்.

2000-ஆம் வருசம், ஆறாவது படித்தேன். திருவிழாத் தகராறைச் சாக்காக வைத்து ஊர்க்காரர்கள் சேரிக்குள் புகுந்தார்கள். கூரைகள் எரிந்தன. எங்க வீடும் போச்சு. மறுநாள் யாரோ டவுனிலிருந்து பேப்பர் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்கள். தெருவே சுற்றி உட்கார்ந்தது. “என்னா போட்டுருக்கான், படிச்சுச் சொல்லு கண்ணு” என்றாள் அம்மா.

நாலே வரி. இரு பிரிவினரிடையே மோதல். போலீஸ் குவிப்பு. பதற்றம் நிலவுகிறது.

எரிந்தது யார் வீடு, எரித்தது யார்? ஒன்றுமில்லை. அம்மா முகத்தைப் பார்த்தேன். அந்த நாலு வரியில் கண்ணை வைத்துக்கொண்டே இல்லாததையெல்லாம் வாசித்தேன். எந்தெந்த வீடு, எத்தனை மூட்டை நெல், பாட்டியின் கை வெந்தது, கொள்ளி வைத்தவன் பேர் எல்லாம். அம்மா தலையாட்டினாள். “பரவால்ல, உள்ளத உள்ளபடி போட்டுருக்கான்.”

பின்னாளில் உண்மை அறியும் குழுக்களோடு ஊர் ஊராகப் போனபோது பேப்பர் நறுக்குகளைச் சேர்த்து வைத்தேன். ஊர்ப் பேரும் தேதியும்தான் மாறியிருந்தன. ‘இரு பிரிவினர்’, ‘மோதல்’, ‘பதற்றம்’ எல்லாம் கோத்த அச்சு கோத்தபடி. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே தட்டில். சினிமா அச்சகத்துக்காவது வழக்குக்குப் பயந்த நியாயம் உண்டு. இவர்களுக்கு என்ன நியாயம்?

எழுதுகிற மேசையில் நம்மாள் இல்லை. 1996-ல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் கென்னத் கூப்பர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைச் சந்திக்க விரும்பினார். பி.என். உனியால் தேடு தேடென்று தேடியும் ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை. அதையே அவர் ‘பயனீர்’ இதழில் கட்டுரையாக எழுதினார்.

நம் முன்னோர்களுக்கு இது தெரியாததல்ல. 1893-ல் ரெட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ நடத்தினார். 1907-ல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920-ல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ வந்தபோது, காசு கொடுத்தும் அதற்கு விளம்பரம் போட மறுத்தது திலகர் வளர்த்த ‘கேசரி’. அடுத்தவன் பேப்பரில் நம் சேதிக்கு இடம் கேட்டு நிற்காமல், சொந்தமாக அச்சுக் கோத்தவர்கள் இவர்கள்.

அன்றைக்குப் பேப்பரில் அது வந்ததென்று அம்மா இன்னமும் நம்புகிறாள். நானும் சொல்லவில்லை. அந்த ராத்திரி நடந்ததை வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சில் வந்ததும் முதல் பிரதியை அம்மா கையில் கொடுத்து உண்மையைச் சொல்ல வேண்டும். அப்புறம் அதைத் தெருவில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். இந்தத் தடவை உள்ளதை மட்டும்.