அணிக்கு ஆள் தெரிதல்

நத்தார் விடுமுறை வந்துவிட்டால் எம் பிள்ளைகள் பனித்தளங்களுக்குச் சென்று சறுக்கி விளையாட விரும்புவர். விழுந்தாலும் சிரித்தபடி எழுந்து மறுபடியும் சறுக்குவர். ஒலிம்பிக் போட்டியில் இக்கலை முதன்முதலாக இடம்பெற்றது இவ்விலண்டன் மாநகரிலேதான் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? 1908ஆம் ஆண்டு ஒக்டோபரில், நைற்ஸ்பிரிட்ஜ் பகுதியில் அமைந்திருந்த பிரின்ஸ் சறுக்கற் கழகத்தில் அப்போட்டிகள் நிகழ்ந்தன. மகளிர் பிரிவில் பிரித்தானியாவின் மாட்ஜ் சையர்ஸ் அம்மையார் தங்கப் பதக்கம் வென்றார்.

அன்று தனியொருவராகவோ இணையாகவோ ஆடியே பரிசு பெற்றனர். நாடுகள் அணி சேர்ந்து மோதும் போட்டி 106 ஆண்டுகள் கழித்து, 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலேதான் தொடங்கிற்று. அணியில் நான்கு துறைகள் உண்டு: தனி ஆடவர், தனி மகளிர், தூக்கியும் சுழற்றியும் ஆடும் இணை, பனிமேல் நடனமாடும் இணை. சோச்சியில் பத்து நாடுகள் பங்குபற்றின. முதற் சுற்றில் ஒவ்வொரு துறையிலும் முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9 என இறங்கிக் கடைசி இடத்துக்கு 1 புள்ளி வழங்கப்பட்டது. முன்னணியில் நின்ற ஐந்து நாடுகளே இறுதிச் சுற்றுக்குச் சென்றன. இரு சுற்றுகளுக்கும் இடையே, இரண்டு துறைகளில் மட்டும் ஆளை மாற்றலாம் என்பது விதி.

இவ்விதிகளை ஆராய்ந்தால், அணிக்கு ஆள் தெரிவது எத்துணைக் கடினமான பணி என்பது புலனாகும்.

முதலில் நாம் வாழும் நாட்டையே நோக்குவோம். அவ்வாண்டு சனவரியில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் பனி நடனத்துக்கான வெண்கலப் பதக்கத்தைப் பிரித்தானியாவின் பெனி கூம்ஸ், நிக் பக்லாண்ட் இணை வென்றிருந்தது. அத்தகைய திறமைசாலிகள் இருந்தும், அடுத்த மாதம் சோச்சியில் பிரித்தானிய அணி பத்தாம் இடத்தையே பெற்றது. ஒரு துறையின் சிறப்பு ஏனைய மூன்று துறைகளின் குறையை நிரப்பவில்லை. நான்கு துறைகளுக்கும் புள்ளிக் கணக்கு ஒன்றே அன்றோ?

ரஷ்யாவின் கதை வேறு. ஆடவர் தனிப் போட்டிக்கு அந்நாட்டுக்கு ஓர் இடமே கிடைத்திருந்தது. தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றவர் இளைஞர் மக்சிம் கொவ்துன். எனினும், 31 வயதான முன்னாள் ஒலிம்பிக் வெற்றியாளர் எவ்கெனி புளூஷென்கோவே, அதிகாரிகள் முன்னிலையில் மூடிய அரங்கில் ஆடிக்காட்டியபின் தெரிவானார். ஆள் மாற்றும் வாய்ப்பு இரண்டையும் ரஷ்யா இணைகளுக்கே பயன்படுத்தியமையால், அவர் இரு சுற்றுகளிலும் ஆட நேர்ந்தது. அணி தங்கம் வென்றது. ஆனால் நான்கு நாட்களின் பின்னர், தனிப் போட்டிக்கு முன்னான பயிற்சியின்போது முதுகு நோவினால் அவர் விலகினார். அவ்வேளையில் மாற்றாளை இறக்க வழியில்லை. தன் சொந்த மண்ணில் நடந்த ஆடவர் போட்டியில் ரஷ்யாவுக்காக ஆட ஒருவருமில்லாது போயிற்று.

மகளிர் பக்கம் நிகழ்ந்தது இன்னும் சிந்தனைக்குரியது. அணிக்காக இரு சுற்றுகளிலும் ஆடியவர் 15 வயதுச் சிறுமி யூலியா லிப்னித்ஸ்கயா. உலகம் அவரைக் கொண்டாடியது. அணியில் ஆடும் வாய்ப்பைப் பெறாத அடெலினா சொட்னிகோவா பின்னர் நடந்த தனிப் போட்டியில் தங்கம் வென்றார்; லிப்னித்ஸ்கயாவுக்கு ஐந்தாம் இடமே கிட்டியது. ஒருவரைத் தெரிவு செய்தமை மற்றவரின் திறமையை மறுத்ததாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவற்றையெல்லாம் தமிழ்ப் பாடசாலை மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்ப் போட்டிகளுக்கு மாணவரைத் தெரியும் காலம் ஆண்டுதோறும் வருகின்றது. தெரிவான பிள்ளை மகிழ்கின்றது. தெரிவாகாத பிள்ளை அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வரத் தயங்குகின்றது. "எங்கள் பிள்ளையில் என்ன குறை?" எனப் பெற்றார் கேட்கின்றனர். அக்கேள்வியின் பின்னுள்ள வேதனையை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். வாரத்துக்கு ஒருநாள், மழையிலும் குளிரிலும் பிள்ளையை அழைத்துவரும் பெற்றாருக்கு அவ்வாறு கேட்கும் உரிமை உண்டு.

எம் விடை இதுவே: குறை ஏதுமில்லை. நாம் தெரிவது இம்முறைக்கான அணியை. பிள்ளைகளின் தகுதி வரிசையை அன்று. நன்றாகப் பேசும் ஒரு பிள்ளையையே பேச்சு, நாடகம், வினாவிடை என அனைத்துக்கும் அனுப்பினால் கேடயங்கள் சில கூடுதலாகக் கிட்டலாம். அப்பிள்ளை களைத்துப்போகும், ஏனையோர் பார்வையாளராகவே நின்றுவிடுவர். எதன் அடிப்படையில் தெரிகின்றோம் என்பதை முன்கூட்டியே அனைவருக்கும் அறிவித்தலும் எம் கடனாகும். உரிய பணிக்கு உரியவரைத் தெரிதலின் அருமை உணர்ந்தே வள்ளுவர் "தெரிந்துவினையாடல்" என ஓர் அதிகாரம் வகுத்தார்.

பனித்தள அணியைப் போலவே எம் கல்விக்கும் நான்கு துறைகள் உண்டு: கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல். எம் மாணவர் பலர் எழுத்துத் தேர்வில் உயர்ந்த புள்ளி பெறுகின்றனர்; ஆயின் தாயகத்திலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தால் இரு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்கின்றனர். அத்துறையில் நாம் பத்தாம் இடத்தில் நிற்கின்றோம் என்பதே உண்மை. அங்கு ஏறவேண்டிய படிகளுக்குக் கேடயங்கள் ஈடாகா.

மாணவச் செல்வங்களே! அணியில் உங்கள் பெயர் இல்லையெனின் சொட்னிகோவாவை நினைவிற் கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமையும் தவறாது வாருங்கள். பெற்றோரே! இல்லத்தில் பிள்ளைகளோடு தமிழிலே பேசுங்கள். அப்போதுதான் அணிக்கு ஆளைத் தேடும் நிலை மாறி, பலருள் எவரை அனுப்புவது என்று நாம் திணறும் நாள் வரும். அத்திணறலை மகிழ்வோடு ஏற்போம்.