ஒரு இலையும் ஒரு நாள் பேரும்

"இந்த எல ஆயிரத்தி ஐந்நூறா?"

அம்மா கேட்டபோது நான் பெருமையாகத்தான் தலையாட்டினேன். அன்றைக்கு கண்டியில் ஒரு கைவினைச் சந்தையில் முதல்முறையாக மேசை போட்டிருந்தேன். நானே செதுக்கி, நானே மை பூசி அச்சிட்ட லினோ படங்களில் ஏழு விற்றுப் போயின. வத்தேகம, பன்வில எல்லாம் தாண்டி மடுல்கெல்லைக்கு பஸ்ஸில் வரும் வழி முழுக்க காசை மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டார். "ஒரு பேர விட நூத்தம்பது ரூவா கூட."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழும் கூலியைத்தான் 'பேர்' என்கிறோம். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக்கிய நாட்சம்பளம்தான் அப்போது அம்மாவுக்கு. மலையில் நாள் முழுக்க நின்று ஆயிரக்கணக்கில் கொழுந்து கிள்ளினால் வருகிற காசு அது. நான் கிள்ளியது ஒரே ஒரு இலை. அதுவும் காகிதத்தில்.

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நூற்றைம்பது ரூபாய் எனக்குள்ளே உட்கார்ந்துவிட்டது.

லினோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து, சணல் துணி மேல் அழுத்திச் செய்கிற தகடு அது. 1860களில் இங்கிலாந்தில் வீட்டுத் தரைக்கு விரிக்கத்தான் கண்டுபிடித்தார்கள். மரத்தை விட மெதுவாக இருப்பதால் பிறகு ஓவியர்கள் எடுத்துக்கொண்டார்கள். சின்ன உளியால் செதுக்க வேண்டும். செதுக்கிய இடம் வெள்ளையாக வரும், விட்ட இடம்தான் மை பிடிக்கும். எல்லாமே இடவலம் மாறி விழும். முதல் முறை 'மலை' என்று நேராகச் செதுக்கிவிட்டு, அச்சில் அது திரும்பி நின்றதைப் பார்த்து விடுதி அறையே சிரித்தது. பேராதனையில் என் அறையில் இருந்த ஒரு அக்காதான் இதையெல்லாம் கற்றுத்தந்தார். அச்சு மெஷின் கிடையாது. காகிதத்தை மேலே வைத்து கரண்டியின் முதுகால் தேய்ப்பேன், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் குளிரில் தகடு விறைத்துவிடும். வெந்நீர்ப் போத்தலை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்துத்தான் வெட்ட முடியும். மழை மாதங்களில் மை காய நாட்கணக்காகும்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். நான் செதுக்குவதை முதல்நாள் பார்த்தவுடனே சொன்னார்: "கத்திக்கு முன்னால கைய வைக்காத புள்ள." லினோவில் படிக்க வேண்டிய முதல் பாடமும் அதுவேதான். ஒரே ஒரு வித்தியாசம், தேயிலையைக் கவ்வாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும். லினோவில் ஒரு கோடு தப்பினால் தப்பியதுதான், ஒட்ட முடியாது.

அன்று இரவு அம்மா அந்தப் படத்தை பல்பு வெளிச்சத்தில் திரும்பவும் பார்த்தார்.

"இது முத்தல் எல. இதக் கூடையில போட்டா கங்காணி தூக்கி வீசிருவாரு. மொட்டு எங்க?"

போனில் எடுத்த போட்டோவைப் பார்த்துச் செதுக்கியது. நல்ல நரம்புகளோடு பெரிய இலை, அழகாக இருந்தது. இருபத்திரண்டு வருசம் லயத்தில் வளர்ந்த நான், பறிக்கக்கூடாத இலையைச் செதுக்கி 'தேயிலை' என்று பெயர் போட்டு விற்றிருக்கிறேன். வாங்கிய ஏழு பேருக்கும் அது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதுதான் வெட்கம்.

சந்தையில் எல்லாரும் சொன்ன வார்த்தை 'இயற்கை'. 'எவ்வளவு இயற்கையா இருக்கு!' யோசித்துப் பார்த்தால் எங்கள் மலையில் தேயிலையை விடச் செயற்கையான செடி இல்லை. காட்டை அழித்துக் கோப்பி போட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழியத் தொடங்கிய பிறகு தேயிலை பரவியது. சும்மா விட்டால் அது மரமாகிவிடும். மூன்று முதல் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை அப்பா மாதிரி ஒருவர் வெட்டுவதாலும், அம்மா மாதிரி ஒருவர் வாராவாரம் கிள்ளுவதாலும்தான் அது இடுப்பளவு செடியாக நிற்கிறது. தூரத்திலிருந்து பச்சைக் கம்பளமாகத் தெரிவது கைவேலை. நான் அந்தக் கையை விட்டுவிட்டு இலையை மட்டும் அச்சடித்திருந்தேன்.

அப்போதுதான் நந்தலால் போஸின் படம் ஞாபகம் வந்தது. 1930இல் உப்பு நடைப்பயணத்தையொட்டி அவர் செய்த லினோ அச்சு. கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள், கையில் கம்போடு நடக்கும் காந்தி. அவ்வளவு குறைந்த கோட்டில் ஒரு மனிதர் முழுசாக வருகிறார் என்றால் ஒரு கை வராதா?

ஞாயிற்றுக்கிழமை அம்மா மலையிலிருந்து ஒரு கொழுந்து கொண்டுவந்தார். ரெண்டு இலை, ஒரு மொட்டு. வாசலில் உட்கார்ந்து அதைக் கிள்ளுகிற மாதிரி பிடித்துக்கொண்டார். தேயிலைக் கறை ஏறிய விரல், நகத்தோரம் வெடிப்பு. பின்னால் மூடுபனிக்குள் நக்கிள்ஸ் மலை. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் அதுவும் ஒரு பகுதி. மடக்கிய கையின் விரல் முட்டிகள் மாதிரி தெரிந்ததால்தான் வெள்ளைக்காரர் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அந்த மலைக்கு முன்னாலேயே அம்மாவின் விரல் முட்டிகளை வரைந்தேன். ரெண்டு மணித்தியாலம் போனது. "சும்மா உக்காந்திருக்கிறதுதான் பெரிய வேல" என்றார்.

அடுத்த சந்தையில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முத்தல் இலை ஒன்பது போனது. கை ரெண்டுதான் போனது. ஒருவர் நல்ல மனசோடுதான் கேட்டார்: "இதே கொழுந்து, கை இல்லாம இருக்கா?"

முத்தல் இலையின் ஒவ்வொரு தாளிலும் 1/20, 2/20 என்று பென்சிலால் எழுதியிருந்தேன். இருபதுதான் போடுவேன் என்ற வாக்கு அது. பதினாறு போய்விட்டது. இன்னும் இருபது போட்டால் முப்பதாயிரம் ரூபாய். போர்டிங் காசு, போட்டோகொப்பிக் காசு எல்லாம் அதில் அடங்கும். இருபது முடிந்ததும் தகட்டில் குறுக்கே கோடு வெட்டிவிடப் போகிறேன் என்று சொன்னதும் அம்மாவுக்குக் கோபம்.

"விக்கிறத ஏன் வெட்டுற? எல பொய்யா இருந்தாலும் காசு நெசந்தானே."

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. காசு நிஜம்தான். ஆனால் தப்பான இலை என்று தெரியாமல் விற்றது வேறு, தெரிந்தே விற்பது வேறு. கடைசி நாலையும் 'முத்தல் இலை' என்று பெயர் மாற்றித்தான் மேசையில் வைக்கப்போகிறேன். கை இல்லாத கொழுந்தைச் செதுக்கப் போவதில்லை. குறைவாகத்தான் விற்கும், தெரியும்.

கைப் படத்துக்கு வந்த காசிலிருந்து 1,350 ரூபாயை எண்ணி அம்மாவிடம் கொடுத்தேன். "எதுக்கு?" என்றார். "ஞாயித்துக்கெழம உக்காந்ததுக்கு."

அம்மா வாங்கி இரண்டு தடவை எண்ணினார். பிறகு சிரித்தார்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு முழுப் பேரா? பரவால்லையே, ஒங்க தோட்டத்துல அரப் பேர் போடுறதில்ல போல."