தொடர்ந்து ஆறு தோல்வி

போன மாசம் ஒரு ராத்திரி ஆன்லைன் செஸ்ஸில் வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றேன். "வேணும்னே பெரிய ஆளா பாத்து நம்ம தலையில கெட்டுகானுவ மக்கா" என்று கூட்டாளியிடம் புலம்பினேன். "கணக்கு வச்சிருக்கியா?" என்றான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ரோஷம் வந்துவிட்டது.

கடைசி 100 ஆட்டத்தையும் எக்செல்லில் ஏற்றினேன். 48 வெற்றி, 45 தோல்வி, 7 டிரா. என் ரேட்டிங் 1850 பக்கம். எதிராளிகளின் சராசரி என்னைவிட 4 புள்ளிதான் கூடுதல். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் எனக்குக் கீழே! காசை 100 தடவை சுண்டினால் எங்கேயாவது தொடர்ந்து 6 பூ விழப் பாதிக்கு மேலேயே வாய்ப்பு உண்டு. ஆறு தோல்வியும் இரவு 12 மணிக்குப் பிறகு என்பது தனிக் கதை :-)

இதில் நான் கோட்டை விட்ட இடம் ஒன்று உண்டு. ஜோடி சரியாகச் சேர்ந்தால் வெற்றி சதவீதம் 50-ஐ ஒட்டித்தான் நிற்கும். அர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் போட்ட கணக்கை ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 200 புள்ளி கூடுதலாக இருப்பவருக்கு 100 ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி கிடைக்க வேண்டும். 400 என்றால் 91. ஆக, எத்தனை ஜெயித்தான் என்பதோடு யாரை ஜெயித்தான் என்றும் பார்க்கணும். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் குகேஷ் முதல் 8 ஆட்டத்தையும் ஜெயித்தார். சப்பை எதிராளிகளா? எட்டாவது ஆள் ஃபேபியானோ கருவானா, குகேஷைவிடக் கிட்டத்தட்ட 100 புள்ளி கூடுதல்.

இதையெல்லாம் கூட்டாளியிடம் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்க அந்த ரெண்டாவது ஐடி?" என்றான்.

அந்த ஆறு தோல்விக்கு மறுநாள் கடுப்பில் புது ஐடி திறந்திருந்தேன். புதுசு என்பதால் 1500-ல் வைத்தது. முதல் 10 ஆட்டத்தில் 9 வெற்றி. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை வகுப்பு குரூப்பில் வேறு போட்டிருந்தேன். ஹிஹி.

"350 புள்ளி வித்தியாசத்துல உனக்கு எவ்வளவு வரணும்?"

கணக்குப் போட்டேன். 88 சதவீதம். அப்படியானால் என் 90-ல் திறமை என்று சொல்ல ஒன்றுமில்லை.

"தோத்தவனுவளுக்க எக்செல்ல யாருலே போடுவா?"

அன்று ராத்திரி அந்த ஒன்பது ஆட்டத்தையும் திறந்து பார்த்தேன். ஒருவர் என்னிடம் தொடர்ந்து மூன்று தடவை தோற்றிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அவரே மறுபடி ஆடக் கூப்பிட்டு. அவர் பக்கத்துக்குப் போனேன். அந்த மூன்றாவது ஆட்டம்தான் அங்கே கடைசி. அதற்குப் பிறகு இரண்டு வாரமாக ஒன்றுமே இல்லை.

பரீட்சையாகக்கூட இருக்கலாம். ஐடியை மூடிவிட்டேன். குரூப்பில் போட்ட படத்தை அழிக்க முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.