சென்னை நீதிமன்ற வளவில் ஐந்து நாட்கள்

2025 யூன் மாதம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறியபோது என் கைப்பையில் மிகப் பத்திரமாக இருந்தது ஒரு பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூன்று பிரதிகள். 1977 இல் மன்னார் பேசாலையில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் பத்திரம் அது. அந்தக் குழந்தை என் மச்சாள்.

1990 இல் மச்சாளின் குடும்பம் இரவோடிரவாக வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. எனக்கு இரண்டு வயது. அம்மா சொல்லித்தான் எனக்கு அந்த இரவு தெரியும். போனவர்கள் கொண்டுபோனது உடுபுடவைப் பொதி ஒன்றும் மாதா படம் ஒன்றும். பத்திரங்களை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. முதலில் மண்டபம் முகாம், பின்னர் சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி முகாம். அங்கேயே திருமணம் நடந்தது. 2004 இல் அங்கேயே மகளும் பிறந்தாள்.

அந்த மகள் இப்போது சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். என்னை மாமி என்று கூப்பிடுவாள். தொலைபேசியில்தான் அவளைத் தெரியும். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வக்கீலிடம் நான்கு கிழமைப் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்னவள், "மாமி, நீங்கள் பத்திரத்தைக் கொண்டு வரேக்க என்னோட கோட்டுக்கும் வாங்கோ, பாக்கலாம்" என்றாள். முகாமுக்குள் வெளியாள் தங்குவதற்கு அனுமதி வேண்டும். ஆகையால் நகரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அறை எடுத்தேன். ஐந்து நாட்களும் அவளுக்குப் பின்னால் திரிந்தேன்.

சொற்களில் முதலில் நான் தடுமாறினேன். எங்களுக்கு உயர் நீதிமன்றம் என்றால் கொழும்பிலுள்ள அதியுயர்ந்த நீதிமன்றம். அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்துக்குரியது. அதற்கு மேல் டில்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. எங்கள் சட்டத்தரணி அங்கே வக்கீல். எங்கள் தவணை அங்கே வாய்தா. எங்கள் சத்தியக்கடதாசி அங்கே பிரமாணப் பத்திரம். "தவணை போட்டாச்சோ" என்று நான் கேட்டதும் பக்கத்தில் நின்ற குமாஸ்தா சிரித்துவிட்டார்.

பாரிமுனையில் பஸ்ஸால் இறங்கினால் சிவப்புக் கல் கட்டடமும் அதன் குவிமாடங்களும் தெரியும. இந்த நீதிமன்றம் 1862 இல் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1892 இல் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்திருக்கிறது. கடலில் வந்தவர்களுக்கு வழிகாட்டிய விளக்கு ஒரு நீதிமன்றத்தின் தலையில் இருந்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது. 1914 செப்டெம்பரில் ஜேர்மனியரின் எம்டன் கப்பல் சுட்ட குண்டுகளில் ஒன்று இந்த வளவு மதிலிலும் விழுந்ததாம்.

வளவுக்குள் மனுநீதிச் சோழனின் சிலையும் உண்டு. கன்றை இழந்த பசு மணியடித்த கதையை அங்கே திருவாரூர்க் கதையாகச் சொல்கிறார்கள். அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் சொல்லும் கதையும் இதுதான் என்று மருமகளுக்குச் சொன்னேன். "அப்ப அவர் எங்கட ஆளோ மாமி?" என்று கேட்டுவிட்டு, "எங்கட எண்டா எந்த ஊர் எண்டு கேக்காதேங்கோ" என்று தானே சிரித்தாள்.

நுழைவாயிலில் அடையாளம் காட்ட வேண்டும். நான் கடவுச்சீட்டைக் காட்டினேன். அவள் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினாள். அவளிடம் கடவுச்சீட்டு இல்லை, எந்த நாட்டினுடையதும் இல்லை.

காலை பத்தரைக்கு நீதிமன்றம் கூடும். அவளுக்கு வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். நீதிமன்றத்துக்கு எதிரே தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று வக்கீல்களின் அலுவலகங்கள் நிறைந்த ஒடுங்கிய தெருக்கள். மாடியில் ஒரு சிறிய அறைதான் அவளது சீனியரின் அலுவலகம். அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து, எந்த மன்றத்தில் எத்தனையாவது வழக்கு என்று குறித்து, கட்டுகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்க வேண்டும். பழைய தீர்ப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். மாலையில் அன்று பார்த்ததையெல்லாம் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மொத்தம் இருபது கிழமைப் பயிற்சி கட்டாயம். சம்பளம் கிடையாது. நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால், முகாமிலிருந்து வரும் ரயில் காசோடு அவளது செலவு முடிந்துவிடுகிறது.

வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கறுப்புக் கோட்டு. கோட்டு ஒரு சிநேகிதியுடையது, தோளில் சற்றுப் பெரிது. கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டியும் மேலங்கியும் மட்டும் மாணவர்களுக்கு இல்லை. வக்கீலாகப் பதிவு செய்தவர்கள்தான் அவற்றை அணியலாம்.

இரண்டாம் நாள் ஒரு மன்றத்தின் பின்வரிசையில் இருந்தேன். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விதவையின் வழக்கு. கணவரின் ஓய்வூதியத்தைக் கேட்டுப் போட்ட மனு. அழைத்தார்கள், இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் ஏதோ பேசினார்கள், நீதிபதி ஒரு வசனம் சொன்னார், அடுத்த வழக்கை அழைத்துவிட்டார்கள். மூன்று நிமிடம்கூட இல்லை. அந்த அம்மா எழுந்து நின்றபடியே இருந்தார்.

இந்திய அரசியலமைப்பின்படி உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம். தமிழையும் அனுமதிக்கும்படி தமிழ்நாடு சட்டசபை 2006 இல் தீர்மானம் போட்டும் அது நடக்கவில்லை. எங்கள் வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் வழக்கும் பதிவும் தமிழில் நடப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று அன்றுதான் உறைத்தது. கோடிக்கணக்கான தமிழர் வாழும் மாநிலத்தில் ஒரு தமிழ்ப் பெண் தன் வழக்கில் என்ன நடந்தது என்று தெரியாமல் நிற்கிறார்.

மருமகள் அவரை வெளியே அழைத்துப்போய்த் தாழ்வாரத்து வாங்கில் இருத்தினாள். "அம்மா, வழக்கு தள்ளுபடி ஆகல. எதிர்த்தரப்பு பதில் மனு போட டைம் கேட்டாங்க. நாலு வாரம் கொடுத்திருக்காங்க. அடுத்த வாய்தாவுக்கு நீங்க வரணும்னு இல்ல, நாங்க போன் பண்றோம்" என்று அந்த ஊர்த் தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வக்கீலாம்மா?" என்று கேட்டார். "இன்னும் இல்லம்மா" என்றாள்.

அந்த "இன்னும்" என்ற சொல் எனக்குள் நின்றுவிட்டது. ஏனென்றால் எனக்கும் விடயம் தெரியும். இந்தியாவின் வக்கீல்கள் சட்டம் 1961 இல் வந்தது. அதன் 24 ஆம் பிரிவின்படி வக்கீலாகப் பதிவதற்கு இந்தியப் பிரசையாக இருக்க வேண்டும். வேறு நாட்டவர் என்றால் அந்த நாடு இந்தியருக்கும் அதே உரிமையைக் கொடுத்திருக்க வேண்டும். 1987 யூலை 1 ஆம் திகதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பினாலேயே பிரசைகள். 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022 இல் இதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தத் திகதிக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரசையாக இருந்திருக்க வேண்டும். என் மருமகள் பிறந்தது 2004 இல். பெற்றோர் இருவரும் இலங்கையர். 2021 இல் தமிழ்நாட்டு முகாம்களில் 58,000 க்கு மேற்பட்ட எங்கள் சனம் இருந்ததாக அரசாங்கக் கணக்கு. அவர்களுக்குள் அவளைப்போல் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஏராளம்.

மதியம் அவள் என்னை பர்மா பசார்ப் பக்கம் அழைத்துப்போனாள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழருக்காக 1969 இல் உருவான கடைத்தெரு அது. தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடில்ஸ் விற்கிறார்கள். புளிப்பும் உறைப்புமாக இருந்தது. "இவையும் எங்களை மாதிரிக் கப்பலில வந்தவைதான் மாமி. ஆனா இவை இந்த ஊராக்கள் ஆகிட்டினம்" என்றாள்.

அங்கே வைத்துத்தான் பத்திரத்தை அவள் கையில் கொடுத்தேன். அது கிடைத்த கதையையும் சொன்னேன். மச்சாளுக்குப் பதிவிலக்கம் தெரியாது. பிரதேச செயலகத்தில் மூன்று தரம் தேடுவித்தும் கிடைக்கவில்லை. உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். பிறகு கோயில் ஞானஸ்நானப் பதிவில் திகதியைக் கண்டுபிடித்து, அந்தத் திகதியோடு போனபோதுதான் பதிவு அகப்பட்டது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததே இவ்வளவு நாளும் தேடவைத்தது.

அந்தப் பத்திரத்தினால் என்ன பயன் என்று நீங்கள் கேட்பீர்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் இலங்கைப் பிரசையாக இருந்தால், பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து அந்தப் பிள்ளை வம்சாவழிப் பிரசாவுரிமை பெறலாம். ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி பெற இடமுண்டு. முன்பு தகப்பனின் பிரசாவுரிமை மட்டுமே பிள்ளைக்குப் போகும். 2003 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தாயின் பிரசாவுரிமையும் போகும். மருமகளின் தகப்பன் இப்போது இல்லை. அவரது பத்திரம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே தாயின் பெயர்தான் அவளுக்கு இருக்கும் வழி.

நான் பெரிய உதவி செய்துவிட்டதாக எண்ணியிருந்தேன். அவள் பத்திரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி, நான் இலங்கைப் பிரசை எண்டு நானே எழுதிக் குடுத்தா, இஞ்ச பிரசாவுரிமை கேக்கிற வாசல் பூட்டிப்போகுமோ தெரியேல்லை. நான் பேசாலையைப் படத்தில்தான் பாத்திருக்கிறன். அங்க வந்தாலும் திரும்பவும் சோதினை எழுதித்தான் சட்டத்தரணி ஆகலாம். எழுதாம இருந்தா, ஒரு நாட்டுக்கும் பிள்ளை இல்லை" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. இடம்பெயர்வு பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். எத்தனையோ பெண் தலைமைக் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். படிவம் நிரப்புவதும் ஒரு இழப்பாக இருக்கலாம் என்று நினைத்ததில்லை.

மறுநாள் அவள் சீனியரிடம் கேட்டாள். ஆறுதல் சொல்லி அனுப்புவார் என்று நினைத்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யாரோ ஒரு கட்சிக்காரர் வந்து கேட்கிறாங்கன்னு வச்சுக்கோ. ரெண்டு நாட்டுச் சட்டத்தையும் எடுத்துப் படிச்சு, பிரிவு நம்பரோட ஒரு குறிப்பு எழுதிக் கொண்டு வா. அப்புறம் பேசலாம்" என்றார்.

இரண்டு நாள் இரவிருந்து எழுதினாள். கடைசி நாள் அந்தக் குறிப்பை எனக்கு வாசிக்கத் தந்தாள். தன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. "கட்சிக்காரர், வயது 21, தாய் இலங்கைப் பிரசை" என்று தொடங்கியிருந்தாள். எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, எதை மனுப்போட்டுத் தட்டிப் பார்க்கலாம் என்று வரிசையாக எழுதியிருந்தாள். இறுதியில் ஒரு பந்தி. 1916 இல் ரெஜினா குகா என்ற பெண் சட்டம் படித்துவிட்டு வக்கீலாகப் பதியக் கேட்டபோது, பெண் என்பதற்காகக் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1923 இல் சட்டம் மாறியது. 1929 இல் ஆனந்தபாய் என்ற பெண் இதே சென்னையில் வக்கீலானார். "கட்சிக்காரர் படிப்பை நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் இல்லை" என்று முடித்திருந்தாள்.

சீனியர் வாசித்துவிட்டு இரண்டு இடத்தில் சிவப்பு மையால் திருத்தினார். பிறகு, "முடிவை நீதான் எடுக்கணும். எடுக்கும்போது நான் கூட இருப்பேன்" என்றார்.

நான் வந்த பிறகும் மருமகள் முடிவெடுக்கவில்லை. பத்திரம் அவளது பயிற்சிக் குறிப்பேட்டுக்குள் இருக்கிறதாம். திருவள்ளூர் அம்மாவுக்கு வாய்தா நாளில் தானே போன் பண்ணியதாகச் சொன்னாள்.

சகோதரிகளே, உங்களில் பலருக்கு அக்கரையில் சகோதரியோ மகளோ மச்சாளோ இருக்கக்கூடும். அவர்களின் பிறப்புப் பதிவும் விவாகப் பதிவும் இங்கேதான் ஏதோ ஒரு புத்தகத்தில் கிடக்கின்றன. அவர்கள் வந்து தேட முடியாது. நீங்கள் போய்த் தேடலாம். பதிவிலக்கம் தெரியாவிட்டால் கோயில் பதிவையும் பள்ளிக்கூட இடாப்பையும் பாருங்கள். பெயரை ஒரு எழுத்து மாற்றியும் தேடச் சொல்லுங்கள். கிடைத்ததும் பிரதியெடுத்து அனுப்புங்கள். அதை வைத்து என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். தீர்மானிப்பதற்கு அவர்கள் கையில் ஒரு கடதாசி இருக்கட்டும்.