ஒன்றரை நாளுக்கு எந்த பாஸ்?

"சுவிஸ் போனா கண்ணை மூடிக்கிட்டு டிராவல் பாஸ் எடுத்துடுங்க" என்று சொல்லாத ஆளில்லை. தனியாகச் சுற்றுபவர்களுக்கு அது சரி. நாங்கள் போனதோ குழுச் சுற்றுலா. பஸ், விடுதி, யுங்ஃபிராவ்யோக் ரயில் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். எங்களுக்கென்று மிஞ்சியது இன்டர்லாக்கனில் ஒரு முழு நாளும் ஒரு பிற்பகலும்தான்.

டிராவல் பாஸ் குறைந்தது 3 நாள், அதுவும் தொடர்ச்சியாக. பயண நாட்களை நாமே தேர்ந்துகொள்ளும் ஃபிளெக்ஸ் வகையும் 3 நாளில்தான் தொடங்குகிறது. அரைக்கட்டண அட்டை ஒரு மாதம் செல்லும். ஆனால் அதன் விலையைப்போல் இரு மடங்குக்குப் பயணம் செய்தால்தான் போட்ட காசு தேறும். விடுதி லெட்டர்பேடின் பின்பக்கத்தில் இரவு பத்தரை வரை கணக்குப் போட்டேன். "மளிகைக் கணக்கை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

கடைசியில் எந்த பாஸும் எடுக்கவில்லை. முழு நாளுக்குத் தனி டிக்கெட். லவுட்டர்புருன்னனில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவ்பாக் அருவி, பாதி வழியிலேயே காற்றில் தூளாகிக் கண்ணாடியில் வந்து ஒட்டியது. அங்கிருந்து கேபிள் கார், பிறகு குட்டி ரயில், 1,638 மீட்டரில் கார் நுழையாத முர்ரன் கிராமம். பிற்பகலுக்கு விடுதியில் தந்த விருந்தினர் அட்டையே போதுமாக இருந்தது. அதைக் காட்டி பஸ்ஸில் போனிகன் போய், பிரியன்ஸ் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம்.

குழுவோடு போகிறவர்கள், பாஸ் விலையைத் தேடுமுன் உங்கள் கையில் உண்மையில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று டூர் மேனேஜரைக் கேட்டுவிடுங்கள்.