கூரை சொன்ன செய்தி

மழைக்காலம் நெருங்கினால் எங்கள் பங்குக் கோவில் உபதேசியார் ஏணி வைத்து மேலேறுவார். எந்த ஓடு நகர்ந்தது, எந்த உத்திரத்தில் ஈரம் ஏறியது என்பதை அவர் அறிவார். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் கதையைப் படித்தபோது அவரையே நினைத்துக்கொண்டோம்.

பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டின் கருவாலி மரங்களால் ஆன அந்தக் கூரைச் சட்டத்தை அவ்வூரார் ‘காடு’ என்றே அழைத்தனர். அதற்கும் காவல் இருந்தது. குழாய்கள் வழியே கூரையின் காற்றை இடைவிடாது உறிஞ்சி, புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் உணர்கருவிகள்! 2019 ஏப்ரல் 15, புனித வாரத் திங்கள். மாலை 6.20 மணியளவில் கருவி தன் கடமையைச் செய்தது. கீழே திருப்பலி நடந்துகொண்டிருந்தது. ஆனால் அது காட்டிய குறிப்பு தெளிவாக இல்லை. காவலர் ஏறிச் சென்றது அருகிலிருந்த சக்ரீஸ்துவின் பரணுக்கு. அங்கே ஒன்றுமில்லை. உண்மையான இடம் தெரிவதற்குள் ஏறத்தாழ அரைமணி நேரம் கழிந்துவிட்டது. எட்டு மணிக்குமுன் கோபுரக் கூம்பு சரிந்தது. அக்காவலரைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. அவருக்கு விளங்கும் மொழியில் கருவி பேசவில்லையே!

2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய கருவாலிக் கூரைக்குள் வெப்பம் காணும் காமிராக்களும், நீரைப் பனியாய்த் தூவும் குழாய்களும் உள்ளன.

எங்கள் கோவில் உத்திரங்களிலும் ஈரம் அறியும் கருவி பதிக்கலாமே என்று பங்குப் பேரவையில் பேச்செழுந்தது. “அது ஈரம் என்று சொன்னால், எந்த உத்திரமென்று யார் பார்த்துச் சொல்வது? எனக்கு வயதாகிவிட்டதே” என்றார் உபதேசியார். எவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதைக் குறித்துவைத்திருக்கிறோம்.